இலவச மொழிக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்?

எமது வியாபாரிகளில் பலர் இப்போது சொந்தமாக இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். புடைவைக் கடைக்காரர் புதுவரவுகளைப் படம்பிடித்துப் போடுகிறார். ஹாட்வெயார் கடைக்காரர் விலைப்பட்டியலைப் போடுகிறார். தளத்துக்கு என்ன செலவு என்று கேட்டால் உடனே கணக்குச் சொல்வார்கள். தளத்தின் பெயருக்கு வருடத்துக்கு இவ்வளவு, இடவாடகைக்கு இவ்வளவு, செய்து தந்த தம்பிக்கு இவ்வளவு. ஆனால் அந்தத் தளம் எந்தக் கணனி மொழியில் ஓடுகிறது, அந்த மொழிக்காக நாம் கொடுத்தது எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. அதற்கு எவரும் பில் அனுப்புவதில்லை என்பதே காரணம்.

பில் வராத பொருளுக்குச் செலவே இல்லை என்று நினைப்பது வியாபாரிக்கு அழகல்ல. நாம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். சுமப்பவர் களைத்துப் போகும் நாளில் பாதிக்கப்படுவது எமது கடை. ஆகவே இந்த வாரம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

வீதிக்கு ஒரு காவற்காரர்

கணனிக்கு வேலை சொல்வதற்கு மனிதன் உண்டாக்கிய எழுத்து முறைதான் கணனி மொழி. நிரலாளர் அந்த மொழியில் எழுதுகிறார். எழுதியதைக் கணனிக்குப் புரியும்படி மாற்றி இயக்க ஒரு மென்பொருள் வேண்டும். மொழியை ஒருமுறை வகுத்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் அதை இயக்கும் மென்பொருளில் நாளாந்தம் வேலை இருக்கிறது. பிழைகளைத் திருத்த வேண்டும், திருடர்கள் நுழையும் ஓட்டைகளை அடைக்க வேண்டும், புதிய கணனிகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

இன்று பெரும்பாலான கணனி மொழிகள் திறந்த மூல மொழிகளாக உள்ளன. அதாவது அவற்றின் உள்வேலை முழுவதும் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. எவரும் எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். காசு கேட்பதில்லை.

இதைக் கடை வீதியின் இராக் காவற்காரரோடு ஒப்பிடலாம். வீதியில் 40 கடைகள் உள்ளன. எல்லாக் கடைகளின் பூட்டையும் அவர் பார்த்துக்கொள்கிறார். 10 கடைக்காரர் மாதம் தவறாமல் காசு கொடுக்கிறார்கள், 30 பேர் கொடுப்பதில்லை. கொடுக்காதவரும் நிம்மதியாகத்தான் தூங்குகிறார். அதனால் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. காவற்காரர் ஊருக்குப் போய்விட்ட பிறகுதான் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். பி.எச்.பி. என்ற கணனி மொழிக்கு 2021இல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

உலகத்தின் கடைகளைத் தாங்கும் மொழி

பி.எச்.பி. ஒரு கம்பனியின் தயாரிப்பு அல்ல. கிரீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லேடோர்ஃப் என்பவர் 1994இல் தனது சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதிய சிறு கருவிகளில் இருந்து வளர்ந்தது. 1995 ஜூனில் அவற்றை அவர் எல்லோருக்கும் திறந்து கொடுத்தார். பின்னர் அண்டி குட்மன்ஸ், சீவ் சுராஸ்கி ஆகிய இரு மாணவர்கள் சேர்ந்து அதன் அடித்தளத்தைப் புதிதாக எழுத, 1998இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அதன்பின் பல நாட்டவரும் சேர்ந்தார்கள்.

இன்று எந்த மொழியில் ஓடுகிறது என்று கண்டறியக்கூடிய இணையத்தளங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பி.எச்.பி. மொழியில் ஓடுகின்றன. வேர்ட்பிரஸ் அந்த மொழியில் எழுதப்பட்டது. விக்கிபீடியா அதில்தான் ஓடுகிறது. இணையக் கடை நடத்த உதவும் வூகொமர்ஸ், பிரெஸ்டாஷொப், ஒப்பன்கார்ட் ஆகிய மூன்றும் அதே மொழியில் ஆனவை. ஆகவே வாசகர் ஒருவர் தமது கடைக்குத் தளம் வைத்திருந்தால், அது பி.எச்.பி. தளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு பெரிய சுமையைத் தாங்கும் மொழியை உள்ளே இருந்து நன்கு அறிந்து பராமரித்தவர்கள் எத்தனை பேர்? அந்த மொழிக்கு நீண்டகாலம் உழைத்த ஜோ வொட்கின்ஸ் 2021 மே மாதம் இந்தக் கேள்வியை எழுப்பினார். எத்தனை பேர் ஒரு நாள் காலையில் எழுந்து வேறு தொழிலுக்குப் போகிறோம் என்று முடிவெடுத்தால் இந்த மொழியின் வேலை தடைப்படும்? இரண்டே பேர் போனாலும் போதும் என்பது அவர் கணிப்பு. அந்த இருவர் டிமிட்ரி ஸ்டோகோவ், நிகிட்டா பொபோவ் ஆகியோர்.

2021இல் வந்த இரு எச்சரிக்கைகள்

அந்த வருடம் மார்ச் 28ஆம் திகதி பி.எச்.பி.யின் மூல நிரல் வைக்கப்பட்டிருந்த சேவையகத்தில் கள்ளமாக இரு மாற்றங்கள் சேர்க்கப்பட்டன. லேடோர்ஃப், பொபோவ் ஆகிய இருவரின் பெயரிலும், எழுத்துப்பிழை திருத்தம் என்ற போர்வையில் அவை வந்தன. உண்மையில் அவை பின்கதவுகள். அப்படியே வெளியீட்டில் சேர்ந்திருந்தால் அதைப் பாவிக்கும் எந்தத் தளத்துக்குள்ளும் திருடன் நுழைந்திருக்கலாம். வாடிக்கையாளரின் பெயர், விலாசம், கட்டளைகள் எல்லாம் அவன் கைக்குப் போயிருக்கும். புதிய மாற்றங்களைத் தினமும் வாசித்துப் பார்க்கும் சிலரின் கண்ணில் பட்டதால் சில மணித்தியாலங்களுக்குள் அவை நீக்கப்பட்டன. எந்த வெளியீட்டிலும் அவை சேரவில்லை. அதன் பிறகு மூல நிரல் கிட்ஹப் தளத்துக்கு மாற்றப்பட்டது.

இங்கே காப்பாற்றியது வாசித்துப் பார்த்த மனிதர்களின் கண். அந்தக் கண் விழித்திருக்க வேண்டுமானால் அவர்களின் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் அல்லவா?

அடுத்தது நவம்பரில். பொபோவ் 2011இல் பாடசாலை மாணவனாக இருந்தபோதே இந்த மொழிக்கு வேலை செய்யத் தொடங்கியவர். நிரலாளர்களுக்கான கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் என்ற கம்பனி 2019 தொடக்கம் அவரைச் சம்பளத்துக்கு வைத்து, பி.எச்.பி. வேலையையே செய்ய விட்டிருந்தது. 2021 டிசம்பரில் தாம் வேறு திறந்த மூலத் திட்டத்துக்குப் போவதாக அவர் அறிவித்தார். அவர் மீது குற்றம் சொல்ல இடமில்லை. ஒருவர் பத்து வருடம் உழைத்துவிட்டு வேறு வேலை தேடுவது இயல்பு. ஒருவரையே நம்பியிருந்த ஏற்பாட்டில்தான் குறை இருந்தது.

பத்துப் பேர் சேர்ந்து போட்ட முதல்

அதே 2021 நவம்பர் 22ஆம் திகதி பி.எச்.பி. அறக்கட்டளை அறிவிக்கப்பட்டது. ஜெட்பிரெயின்ஸ் வருடத்துக்கு 100,000 டொலர் தருவதாகச் சொன்னது. வேர்ட்பிரஸ் தொழிலில் உள்ள ஒட்டோமெட்டிக், லாராவெல், சிம்ஃபனி, பிரெஸ்டாஷொப் முதலிய கம்பனிகளும் சேர்ந்தன. எல்லாமாக வருடத்துக்கு 300,000 டொலர் என்பது தொடக்க எதிர்பார்ப்பு. 2022இல் ஆறு நிரலாளர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுக்கப்பட்டது. இரண்டு பேரின் தோளில் இருந்த சுமை பலருக்குப் பகிரப்பட்டது. பின்னர் ஜேர்மன் அரசாங்கத்தின் பணத்தில் இயங்கும் 'சொவ்ரின் டெக் ஃபண்ட்' 205,000 யூரோ வழங்கியது.

காசு வந்ததும் போனதும் ஓபன் கலெக்டிவ் என்ற தளத்தில் எவரும் பார்க்கும்படி பதியப்படுகின்றன. கம்பனிகள் மட்டுமல்ல, தனி நபர்களும் மாதம் சில டொலர் கொடுக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டுக் காசு கேட்டால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வருகிறது. ஊரில் எந்தப் பொதுக் காரியத்துக்கும் இந்த முறை பொருந்தும்.

ஜெட்பிரெயின்ஸ் ஏன் இவ்வளவு கொடுக்கிறது? அது விற்கும் கருவிகளை வாங்குபவர்களில் பி.எச்.பி. நிரலாளர்களும் இருக்கிறார்கள். மொழி தளர்ந்தால் அதன் விற்பனையும் தளரும். பேக்கரிக்காரர் மாவுக்குக் காசு கொடுப்பதைத் தர்மம் என்று எவரும் சொல்வதில்லை. இதுவும் அவ்வாறே மூலப்பொருளின் செலவு.

இலாபக் கணக்கைப் பார்க்க விரும்புவோருக்கு இன்னொரு உதாரணம். படூ என்ற சமூக வலைத்தளக் கம்பனி நூற்றுக்கணக்கான சேவையகங்களில் பி.எச்.பி.யைப் பாவித்து வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தமது தேவைக்கு எழுதிய 'எஃப்.பி.எம்.' என்ற பகுதியைத் தங்களுக்குள் மறைத்து வைக்காமல் பொதுவில் கொடுத்தார்கள். 2010இல் அது மொழியின் அங்கமாகியது. இன்று உலகமெங்கும் அது ஓடுகிறது. பின்னர் 2015 டிசம்பரில் ஸ்டோகோவ், சீனாவைச் சேர்ந்த சின்சென் ஹுய், பொபோவ் ஆகியோரின் உழைப்பால் வேகம் மிகுந்த ஏழாம் பதிப்பு வந்தது. அதற்கு மாறியதால் ஒரு மில்லியன் டொலர் மிச்சமானதாகப் படூ 2016இல் அறிவித்தது. சேவையகங்களின் தேவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததே அதற்குக் காரணம். பொதுவில் கொடுத்தவர்களுக்கு, வேறொருவர் பொதுவில் கொடுத்தது பல மடங்காகத் திரும்பி வந்தது.

பெரியவனை விடச் சிறியவனுக்கே தேவை

"பெரிய கம்பனிகள் கொடுக்கட்டும், சிறு கடைக்காரரான நாம் ஏன் இதில் தலையிட வேண்டும்?" என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். எமது சில டொலர் ஒரு நிரலாளரின் சம்பளம் ஆகாது. பெரும்பங்கு பெரியவர்களிடம் இருந்தே வரும்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பேஸ்புக் 2004இல் பி.எச்.பி.யில்தான் தொடங்கியது. வளர்ந்த பிறகு அந்த மொழி அதற்குப் போதவில்லை. 2014இல் 'ஹெக்' என்று தனக்கென ஒரு மொழியையே உண்டாக்கிக்கொண்டது. பெரிய முதலாளி வேண்டுமானால் தனக்கென்று தனிக் காவற்காரரை வைத்துக்கொள்வார். வீதியின் பொதுக் காவற்காரரை நம்பி இருப்பது சிறு கடைகள்தான். எனவே பொதுவான மொழி நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை பெரியவரை விட எமக்கே கூடுதலாக இருக்க வேண்டும்.

காசு கொடுத்தால் எமது சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டா என்றும் கேட்கலாம். பி.எச்.பி.யில் முக்கியமான மாற்றம் எதுவானாலும் முதலில் எழுத்தில் முன்வைத்து, பகிரங்கமாக விவாதித்து, பின் வாக்கெடுக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அறக்கட்டளையில் சம்பளம் வாங்குபவரின் முன்மொழிவும் அதே வழியால்தான் போக வேண்டும். காசு கொடுத்தவருக்காக மொழி வளையாது. இது எமக்கு நல்லதே. கூடக் கொடுத்தவர் இழுத்த பக்கம் போவதாக இருந்தால் சிறியவர்களின் நிலை என்னவாகும்?

காசோடு கைகளும் வேண்டும்

சம்பளம் பெறுபவர்களால் மட்டும் ஒரு மொழி வளர்வதில்லை. புதியவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்களை எப்படி வரவேற்பது என்பதில் பிழையான வழியும் உண்டு, சரியான வழியும் உண்டு.

டிஜிட்டல் ஓசன் என்ற கம்பனி 2014 முதல் ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு திட்டம் நடத்தியது. திறந்த மூலத் திட்டங்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையான திருத்தங்களை அனுப்பினால் ஒரு ரீ ஷேர்ட் பரிசு. நோக்கம் நல்லது. ஆனால் 2020இல் பரிசுக்காக ஒரு சொல்லை மாற்றி, ஒரு வரியைச் சேர்த்து, பயனற்ற திருத்தங்களை ஆயிரக்கணக்கானோர் அனுப்பினார்கள். பராமரிப்பவர்களுக்குக் குப்பையைக் கூட்டுவதே வேலையாகிவிட்டது. அதன் பின்னரே விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று விதியை மாற்றினார்கள். எண்ணிக்கைக்குக் கொமிஷன் கொடுத்தால் விற்பனையாள் எப்படி நடப்பார் என்பது எமக்குத் தெரியாததா?

சரியான வழிக்குப் பைத்தன் மொழியைப் பார்க்கலாம். அங்கே திருத்தம் அனுப்பும் தொண்டர்களுக்குக் குறைவில்லை. அனுப்பியதைப் பார்த்துப் பதில் சொல்ல ஆள் போதவில்லை. மாதக்கணக்கில் பதில் வராவிட்டால் தொண்டர் மறுபடி வரமாட்டார். எனவே பைத்தன் அறக்கட்டளை 2021இல் கூகிளின் நிதியுதவியோடு லூகாஷ் லங்கா என்பவரை முழுநேர வேலைக்கு எடுத்தது. தேங்கிக் கிடந்த திருத்தங்களைப் பார்த்து முடிப்பது அவரது முக்கியமான பணிகளில் ஒன்று. ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளம் நூறு தொண்டர்களின் உழைப்பை வீணாகாமல் காக்கிறது. கடைக்கு வரும் வாடிக்கையாளரை முன்னுக்கு நின்று வரவேற்க ஓர் ஆளை வைப்பது போன்றது இது.

பி.எச்.பி.யிலும் 2008 முதல் சில வருடங்கள் 'டெஸ்ட்ஃபெஸ்ட்' என்ற பெயரில் நிரலாளர்கள் ஊருக்கு ஊர் ஒன்றுகூடினார்கள். மொழியின் ஒவ்வொரு பகுதியும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகளை எழுதினார்கள். புதியவருக்கும் செய்யக்கூடிய வேலை, பக்கத்தில் அனுபவசாலி, முடிந்ததும் மொழிக்குப் பயன். நல்ல ஏற்பாட்டுக்கு இந்த மூன்றும் அடையாளம்.

எமது நாட்டுப் பிள்ளைகள்

இந்தத் துறையில் இலங்கை பின்தங்கியது அல்ல. கூகிள் 2005இல் 400 மாணவர்களோடு தொடங்கிய 'சமர் ஒஃப் கோட்' திட்டம், மாணவருக்கு உதவிப்பணமும் வழிகாட்டியும் கொடுத்துத் திறந்த மூலத் திட்டங்களில் வேலை செய்ய வைத்தது. அதன் முதல் பத்து வருடங்களில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் எமது மொரட்டுவைப் பல்கலைக்கழகம்.

அதைவிட மனதைத் தொடும் இன்னொரு விடயம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிவதற்கு இலங்கை நிரலாளர்கள் தொண்டாக 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். அதை எழுதிய மொழி பி.எச்.பி. அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கரையோரத்தில் எமது ஊர்கள் அழிந்து கிடந்த நாட்களில், அனுமதி கேட்காமலும் காசு கட்டாமலும் உடனே எடுத்துப் பாவிக்க ஒரு மொழி தயாராக இருந்தது. யாரோ முகமறியாதவர்கள் அதைப் பத்து வருடமாகப் பராமரித்து வைத்திருந்தார்கள். அந்தக் கடன் எமக்கும் உண்டு.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உங்கள் தளத்தைச் செய்து தந்தவரிடம் அது எந்த மொழியில், எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று கேளுங்கள். பி.எச்.பி.யின் ஒவ்வொரு பதிப்புக்கும் இப்போது நான்கு வருடங்கள் ஆதரவு உண்டு. முதல் இரண்டு வருடம் எல்லாப் பிழைகளும் திருத்தப்படும். அடுத்த இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். அதற்குப் பிறகு அது காலாவதியான சரக்கு. காலாவதியான மாப்பெட்டியை இராக்கையில் வைப்போமா?

இரண்டாவது, உங்கள் நிரலாளர் இலவச மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டு திருத்தினால் அதை மூலத் திட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு எடுக்கும் சில மணித்தியாலங்களுக்கும் காசு கொடுங்கள். திருத்தத்தை எமக்குள் வைத்துக்கொண்டால் புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு தடவையும் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டி வரும், அதற்கு மறுபடி காசும் போகும். பொதுவில் சேர்ந்துவிட்டால் மற்றவர்கள் எமக்காகப் பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, தனியாகக் கொடுப்பது கஷ்டமாக இருந்தால் நாலைந்து கடைக்காரர் சேர்ந்து, தளம் செய்து தரும் நிறுவனத்தின் ஊடாக மாதம் ஒரு சிறு தொகை அனுப்பலாம். ஒருமுறை பெரிதாகக் கொடுத்துவிட்டு மறப்பதை விட, சிறிய தொகை மாதம் தவறாமல் போவதே நல்லது. மாதா மாதம் வரும் காசை நம்பித்தான் ஒருவரைச் சம்பளத்துக்கு எடுக்க முடியும். கணக்கில் இதை நன்கொடை என்று எழுதாமல் பராமரிப்புச் செலவு என்று எழுதுங்கள். நன்கொடை என்று எழுதினால் வியாபாரம் மந்தமான மாதத்தில் அதுதான் முதலில் வெட்டப்படும்.

நான்காவது, கணனி படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், "இதில் என்ன வருமானம்?" என்று கேட்டுத் தடுக்காதீர்கள். பொபோவ் தொடங்கியபோது அவரும் பாடசாலைப் பிள்ளைதான். பிழை ஒன்றை மறுபடி உண்டாக்கிக் காட்டி அறிவிப்பது, விளக்கக் குறிப்பில் உள்ள தவறைத் திருத்துவது, ஒரு பரிசோதனை எழுதுவது போன்ற சிறு வேலைகளே நுழைவாயில். செய்த வேலை பெயரோடு பகிரங்கமாகப் பதிவாகிறது. வேலை கொடுப்பவர் நாளை அதைத் திறந்து பார்க்கலாம்.

எமது கடைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் இந்த நான்கையும் சொன்னபோது, "இதுவரை எந்த முதலாளியும் என்னிடம் இதைக் கேட்டதில்லை, ஹாஜியார்" என்றார். கேட்கும் முதலாளிமார் கூடினால் செய்யும் தம்பிமாரும் கூடுவார்கள். வருட முடிவில் தளத்துக்கான பில்களை எடுத்துக் கூட்டும்போது, பில் வராத அந்த ஒன்றுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எவ்வளவு என்பது உங்கள் வசதியைப் பொறுத்தது. பூச்சியம் என்று மட்டும் எழுத வேண்டாம்.